தப்பான விடை

புதிதாக வந்த கணக்கு டீச்சர் எழிலரசி, ஆறாம் வகுப்புப் பூவிழியைக் கரும்பலகைக்கு அழைத்து, அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னாள். பூவிழி ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். யாரோ சிரித்ததும், பலகையில் முகத்தை வைத்து அதை நாக்கால் நக்கி அழித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"தப்பாப் போட்டா இப்படித்தான் அழிக்கணும் டீச்சர். பழைய சார் சொல்லியிருக்காரு."

எழிலரசி தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் டீயை உறிஞ்சியபடி, "அவரு இருந்தவரைக்கும் கணக்குல நூறு பர்சன்ட் பாஸ்" என்றார். அந்த அறையில் அவளால் உட்கார முடியவில்லை.

திரும்பி வந்து பூவிழியின் வாயைக் கழுவிவிட்டாள். அதே விடையைத் தானே பெரிதாக எழுதினாள்.

"இதை யாரும் அழிக்கக்கூடாது. எப்படி வந்துச்சுன்னு நீ சொல்லு."

பூவிழி உதடுகளை இறுக்கிக்கொண்டு, பலகையில் இருந்த இரண்டைத் தொட்டாள். பிறகு, "மேலயும் மேலயும், கீழயும் கீழயும் கூட்டினேன் டீச்சர்..." என்றாள்.