இடக்கை

கேள்வியை முடிப்பதற்குள் வகுப்பிலிருந்த அத்தனை கைகளும் மேலே போய்விட்டன. அரசாங்கப் பள்ளி ஆய்வாளர் பார்ஜிட்டர் அவற்றைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பக்கத்து நூல் மில்லின் இரைச்சலில் ஜன்னல் கண்ணாடிகள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

டீச்சர் மிஸ் ஆர்மரோடுக்கு நெற்றி வியர்த்தது. பிள்ளைகள் இன்று தேறாவிட்டால் அரசாங்கப் பணம் நின்றுவிடும், இந்த ஏழைப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிடுவார்கள். அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

"போன வருஷம் இங்க ஒரு கெட்டிக்காரப் பொண்ணு இருந்தாளே, கைகுலுக்கி நானே பாஸ் போட்டேன். எங்க அவ?"

"நீங்க பாஸ் போட்டாத்தானே சார் மில்லுல அரைநாள் வேலைக்குச் சேத்துப்பாங்க. அடுத்த வாரமே போயிட்டா. அப்புறம்..."

"ரொம்ப சந்தோஷம்," என்று அவர் திரும்பிவிட்டார். யார் பேசினாலும் முன்பாதி காதில் விழுந்தால் போதும் அவருக்கு.

அவர் கவனமெல்லாம் கைகளின் மேல் இருந்தது. பாதி வலக்கை, பாதி இடக்கை. இந்தத் தில்லுமுல்லை அவர் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறார். பதில் தெரிந்த பிள்ளை வலக்கையைத் தூக்கும், தெரியாத பிள்ளை இடக்கையைத் தூக்கும். டீச்சர் வலக்கைகளை மட்டும் எழுப்பினால் பள்ளிக்கூடம் முழுக்க மேதைகள்தான்.

"இன்னிக்கு நானே எழுப்புறேன். கடைசி பெஞ்சு, சால்வைக்காரி, எந்திரி."

இடக்கையைத் தூக்கியிருந்த தபித்தா எழுந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், முகத்தில் ரத்தமே இல்லை. அடுப்பு எரியும் அறையிலும் சால்வையை இழுத்துப் போர்த்தி ஊக்கு குத்தியிருந்தாள்.

"சார், அவ வேண்டாம்..." என்று டீச்சர் பதறினாள்.

அப்படி வா வழிக்கு, என்று நினைத்துக்கொண்டார் பார்ஜிட்டர்.

"நம்ம ஆறு எந்தக் கடல்ல போய்ச் சேருது?"

"ஐரிஷ் கடல்ல சார்."

"பதிமூணு பதிமூணு?"

"நூத்தி அறுபத்தொம்பது."

கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. டீச்சரைச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்தக் குரல் அவரை என்னவோ செய்தது. எங்கோ கேட்ட குரல். மில்லின் நடுக்கம் தரை வழியாக ஏறி அவர் முழங்காலைத் தொட்டது.

"பள்ளிக்கூடம் பாஸ்," என்றார் சத்தமாக. மிஸ் ஆர்மரோட் சந்தோஷப்படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

அவர் தபித்தாவிடம் போய் வலக்கையை நீட்டினார். அவள் இடக்கையைக் கொடுத்தாள்.

"இப்பவும் இடது கைதானா? நல்லாத்தான் என்னை ஏமாத்துன. எங்க, வலது கையக் குடு பாப்போம்."

"அது மில்லு மிஷின்ல போயிடுச்சு சார்," என்று தபித்தா ஊக்கைக் கழற்றினாள். சால்வைக்குள் வலப்பக்கச் சட்டைக்கையைத் தோளோடு மடித்துத் தைத்திருந்தார்கள்.

நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்ற அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருஷம் நீங்க குலுக்குனீங்களே சார், அந்தக் கைதான்."