ஒரு டம்ளர் ஆறு

நுண்ணோக்கியை மூன்றாம் முறை துடைத்துவிட்டுப் பார்த்தும் தில்லைநாயகிக்கு ஆறு தென்படவில்லை. பத்தொன்பது வருடங்களாக மாதம் ஒரு பாட்டில் ஆற்றுநீரைப் பரிசோதிப்பவள். தோணி வடிவத்தில் மினுங்கும் பழுப்புப் பாசிகளைப் பார்த்தே எந்த மாதத்துத் தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். அணையில் நீர் தேங்கிய இந்த முதல் கோடையில் தோணி ஒன்றுகூட இல்லை. பச்சை உருண்டைகள்தான் மொய்த்தன. யாரோ குட்டைத் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து, அவளே பரிசலில் போய் மொண்டு வந்தாள். அதே உருண்டைகள்.

நாளை திறப்பு விழா. மந்திரி மேடையில் ஒரு டம்ளர் ஆற்றுநீர் குடிப்பார். குடிக்கலாம் என்று இவள் கையெழுத்திட வேண்டும்.

"பச்சைன்னா செழிப்பும்மா. என் பேச்சுலயே அப்படித்தான் எழுதியிருக்கேன்," என்றார் கையெழுத்து வாங்க ஆய்வகத்துக்கு வந்திருந்த தலைமைப் பொறியாளர் அம்பலவாணன்.

"ஓடுற தண்ணிப் பாசி ஒண்ணுகூட இல்ல சார். இது ஆறுதானான்னே குழப்பமா இருக்கு. விஷப் பாசியாக்கூட இருக்கலாம்."

"மூணு அணை கட்டினவன் நான். எது ஆறுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீங்க ஒரு மடக்கு குடிச்சிடுங்க சார். கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. யாராவது முடிவாகச் சொன்னால் போதும் என்றிருந்தது. மொண்டு வந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அம்பலவாணன் மீசையை ஒதுக்கிக்கொண்டு டம்ளரை உதடுவரை கொண்டுபோனார். அங்கே அது நின்றுவிட்டது.

"குடிச்சா என்னம்மா ஆகும்?" என்றார், மைக் இல்லாத குரலில்.

"அதுதான் சார் எனக்கும் தெரியல."

அவர் குடிக்கவும் இல்லை, டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை.