முதலாளி கட்டிய தூளி

"புள்ளைய வெளிய எடும்மா. தூளிக்குள்ள இன்னா இருக்குதுன்னு நான் பாக்கணும்" என்றார் பட்டு முதலாளி வேணுகோபால்.

கெங்கம்மாள் தூளியை விட்டு நகரவில்லை. "இப்பதாங்க தூங்குச்சு. எழுந்தா கோட்டை மைதானம் வரைக்கும் கேக்கும்."

"ஊருக்கே கேக்கட்டும். எடு."

கடைக் கண்ணாடிக்குள் மாட்டியிருந்த அரக்குப் பட்டுப் புடவையைக் காலையிலிருந்து காணோம். அதை நெய்தவன் கெங்கம்மாளின் புருஷன் பரசுராமன். கரையில் பழுது என்று போன மாதம் நாலு பேர் எதிரில் அவனைத் திட்டி, கூலியைக் குறைத்து வாங்கிய முதலாளி, அதற்கே 'முதல் தரம்' என்று சீட்டு ஒட்டி மாட்டியிருந்தார். காலையில் கடைக்கு வந்து போனவனும் அவன் ஒருத்தன்தான்.

புடவை இங்கே கிடைத்தால் போச்சு. ஆரணியில் எந்த முதலாளியும் இனி அவன் தறிக்குப் பாவு நூல் தரமாட்டார்.

வேணுகோபால் தறிக்குழியில் இறங்கிப் பார்த்தார். அரிசி டிரம்மில் தோள்வரை கையை விட்டார். கோழிக்கூண்டை அவர் உலுக்கிய உலுக்கலில் மூன்று தெருக் கோழிகள் முட்டையிட மறந்தன.

மிச்சம் இருந்தது தூளிதான். பழைய நூல் புடவையை இரண்டாய் மடித்துக் கட்டிய தூளி.

கெங்கம்மாள் குழந்தையைத் தூக்கினாள். முதலாளி உள்ளே கையை விட்டுத் துழாவினார். ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் ஒரு குளம். முழங்கை வரை நனைந்த கையை வெளியே எடுத்தார்.

குழந்தையைத் திரும்பப் போட்டதுதான் தாமதம், தூளியின் ஒரு பக்கம் சர்ரென்று ஒரு சாண் இறங்கியது. முதலாளி பாய்ந்து குழந்தையைப் பிடித்தார்.

"இன்னாய்யா கட்டியிருக்கற? நூல் புடவைக்கு ஒரு முடிச்சு போட்டாலே பத்து வருஷம் தாங்கும். இது இன்னாத்துக்கு வெண்ண மாதிரி வழுக்கிகினு வருது?"

"பழசுங்க மொதலாளி. தொவச்சுத் தொவச்சு நைஞ்சு போச்சு" என்றான் தறியோரம் நின்றிருந்த பரசுராமன்.

"நவுரு. நாலு பேரனுக்குத் தூளி கட்டினவன் நான்."

வந்த வேலை அவருக்கு மறந்தே போனது. உத்தரத்துக் கொக்கியைப் பிடித்துத் தாமே காலைத் தூக்கித் தொங்கிப் பார்த்தார். துணியின் இரு முனைகளையும் சேர்த்துத் தேங்காய்நார்க் கயிற்றால் சுற்றி, யானையைக் கட்டுகிற மாதிரி மூன்று முடிச்சு போட்டு இறுக்கினார்.

"தூளி தரையிலேர்ந்து முட்டி ஒசரம் இருக்கணும். ஆட்டுனா செவுத்துல இடிக்கக் கூடாது. மொதல்ல அரிசி மூட்டைய வச்சு ஆட்டிப் பாரு. மூட்டை நின்னா புள்ளயும் நிக்கும்."

மூட்டை நின்றது. பிறகு குழந்தையைப் போட்டு அவரே ஆட்டினார். அது தூங்கிவிட்டது.

வேணுகோபால் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனச்சுட்டேன்யா. மனசுல வச்சிக்காத. நாளைக்கு வந்து பாவு வாங்கிகினு போ."

அவருடைய மொபெட் சத்தம் தெருமுனை தாண்டி ஓய்ந்தது. கெங்கம்மாள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். பரசுராமன் முடிச்சை இழுத்தான், நகத்தால் நெம்பினான். அது அசையவில்லை.

கெங்கம்மாள் கிசுகிசுத்தாள்: "பல்லால கடிச்சாவது அவுத்துடு மாமா, மடிப்புக்குள்ள நம்ம பட்டு கசங்குது!"