விட்டுப்போன வரி

“ஏனுங்க யுவராஜ், இந்தத் தடவையும் ஒரு வரிய உட்டுப்போட்டீங்களே.”

சேலம் ஆபீஸிலிருந்து சக்திவேல்தான் பேசினார். மலைமேல் வெள்ளக்கடையில் தன் வீட்டு ஜன்னலோரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த யுவராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“எந்த வரிங்க?”

“வேலை முடிஞ்சதும், கார்டு விவரத்தப் பூட்டற சாவிய மெமரில இருந்து அழிக்கிற வரிங்க. அது இல்லாட்டி கதவப் பூட்டிட்டு சாவிய அதுலயே உட்டுட்டுப் போன மாதிரி. நான் பார்க்கலைன்னா அப்படியே மெஷினுக்குப் போயிருக்கும்.”

யுவராஜ் மன்னிப்புக் கேட்டான். உடனே திருத்தி அனுப்புவதாகச் சொன்னான்.

அவர்கள் கம்பெனி கூட்டுறவு வங்கிகளின் கார்டு மெஷின்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. கார்டு விவரத்தைப் பூட்டி அனுப்புவதற்கு, உலகமெல்லாம் இலவசமாகப் புழங்கும் நிரல்தொகுப்பான ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றை எடுத்து, தங்கள் பழைய மெஷின்களுக்குத் தோதாக மாற்றித் தனி நகலாக வைத்திருந்தார்கள். ஆபீஸில் அதற்கு ஃபோர்க் என்று பெயர். மூல லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை எதையாவது அடைக்கும்போதெல்லாம் இந்த நகலிலும் அடைத்தாக வேண்டும். அடைப்பது யுவராஜ். இன்னொருவர் பார்த்துப் பச்சை டிக் போட்டால்தான் அது மெஷினுக்குப் போகும். அந்த இன்னொருவர் சக்திவேல். இந்த வேலைக்கு மூன்றாம் ஆள் கிடையாது.

கொரோனாவில் ஆபீஸை மூடியபோது மலையேறி வந்த யுவராஜ், பிறகு இறங்கவே இல்லை. எஸ்டேட்டில் வேலை பார்த்த அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா விடிந்ததும் காப்பித் தோட்டத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார். மழைக்காலத்தில் மேகம் வாசல்வரை வந்துவிட்டால், தன் குரலைத் தானே கேட்காமல் அவன் தூங்கப்போன நாட்கள் உண்டு. தனிமை அவனைப் பிடுங்கித் தின்றது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

சக்திவேலோ ஓட்டைவாய். தப்பைச் சொல்ல ஆரம்பித்தால் அதோடு நிறுத்தத் தெரியாது. சின்ன மகள் விழுந்த பல்லைக் கூரைமேல் எறியச் சொல்லி அழுதது, ஐந்து ரோடு சந்திப்பில் வண்டி மாட்டிக்கொண்டது, மாமியார் கொடுத்தனுப்பிய பலாப்பழம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். அன்றும் அப்படித்தான் போனது. யுவராஜ் காப்பி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் சக்திவேலின் குரல் இறங்கியது.

“ஒண்ணு சொல்லோணும்ங்க. இந்த ஃபோர்க்க வெச்சுக்கறதா மூடறதான்னு காயத்ரி மேடம் இன்னைக்கு முடிவு பண்றாங்க. நேத்து என்னையக் கேட்டாங்க. யுவராஜ் நொம்ப நல்லா வேலை செய்யறவருன்னுதான் சொன்னேன்.”

“மூடிட்டா என்னாகுங்க?”

“உங்களுக்கு வேற டீம் குடுப்பாங்க, எனக்கு வேற வேலை. நாம இப்படிப் பேசிக்க மாட்டோம், அவ்வளவுதான்.” சிரித்துவிட்டு வைத்தார்.

யுவராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுப்போன வரியைச் சேர்த்து அனுப்பினான். சற்று நேரத்தில் பச்சை டிக் வந்தது. அதற்கப்புறம் போன் அடிக்கவில்லை. ஃபோர்க்கை மூடக் கூடாதே என்று சேர்வராயன் சாமியிடம் வேண்டிக்கொண்டான். ஒரு நிரலுக்காகச் சாமி கும்பிட்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்றும் தோன்றியது.

சாயங்காலம் மேனேஜர் காயத்ரி வீடியோவில் வந்தார். சுற்றி வளைக்கவில்லை. மெஷின்களை மாற்றச் செலவானாலும் பரவாயில்லை, இனி மூல லைப்ரரியையே அப்படியே எடுத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டதாம். யுவராஜுக்கு வேறு டீம். அங்கே சரிபார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடும், யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை என்று அதை ஒரு வசதியாகவே சொன்னார்.

“எதனாலங்க மேடம் மூடறீங்க?” என்று கேட்டான் யுவராஜ்.

“வெச்சுக்கலாம்னுதான் நானும் நெனச்சேன். ஆனா சக்திவேல் புடிச்ச தப்பையெல்லாம் எடுத்துப் பார்த்தேன் யுவராஜ். நீங்க அனுப்பறதுல ஒவ்வொரு தடவையும் ஒண்ணு இருக்குது. முன்னெல்லாம் வெறும் எழுத்துப்பிழை. இப்ப சாவியவே அழிக்காம உட்டிருக்கீங்க. சக்திவேல் ஒரு நாள் அசந்துட்டார்னா என்னாகறது? எனக்குப் பயமா இருக்குது.”

“சரிங்க மேடம்” என்றான் யுவராஜ்.

சரியாக இருந்தால் சக்திவேல் பேசாமல் டிக் போட்டுவிடுவார், எழுத்துப்பிழையை இப்போதெல்லாம் தானே திருத்திக்கொள்கிறார், பெரிய தப்பு இருந்தால்தான் போன் செய்வார் என்பதை அவன் எப்படிச் சொல்வான்? அதற்காகவே, எல்லாவற்றையும் பிசகில்லாமல் எழுதி முடித்த பிறகு, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் எழுத்தையோ வரியையோ அவனே அழித்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தான்.