அவருக்குக் காரம் ஆகாது

விருந்தைப் பார்த்ததும் தால்-சு வாசலிலேயே நின்றுவிட்டார்.

எல்லாம் சிவப்பாக இருந்தது.

கிம்ச்சிக் குழம்பு சிவப்பு. மிளகாய் விழுதில் புரட்டிய ஆக்டோபஸ் சிவப்பு. சின்னச் சின்னச் சோற்று உருளைகளும், தொட்டுக்கொள்ளக் கணவாய் மீனும். அந்தக் கணவாயும் சிவப்பு. கடுங்குளிரிலும் அவர் வரும் நாளில் கதவைத் திறந்தே வைப்பார்கள் என்பதால் பூண்டு வாசனை துறைமுகம் வரைக்கும் போய்விட்டது. அங்கே இரண்டு கடற்பறவைகள் தும்மியதாகப் பின்னால் சொன்னார்கள்.

வழக்கமாக அவர் வந்தால் எல்லாம் வெள்ளையாக இருக்கும். வெள்ளை அரிசி வில்லைகள் மிதக்கும் சூப். வெள்ளை முள்ளங்கி. உப்பைத் தூரத்தில் இருந்து மட்டும் காட்டி அவித்த வெள்ளை மீன்.

ஏழு வருடமாக இதே.

அது பெரியவர்கள் சொல்லிவைத்தபடி அண்ணன் தால்-ஹோ போட்ட சட்டம். தம்பிக்குக் காரம் ஆகாது, பூண்டு ஆகாது, பீச் பழம் கண்ணிலேயே படக் கூடாது. மீறி வைத்தால் வாசலோடு திரும்பிவிடுவான், அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான் என்று அடித்துச் சொல்வார்.

அதனால்தான் தால்-சுவுக்குக் கால் எழவில்லை.

இனி வராதே என்கிறார்களோ?

அப்படியே இருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. போன வருடம் மகள் யோன்-ஹீ முணுமுணுத்தது அவர் காதில் விழத்தான் செய்தது. அம்மா முதுகு ஒடிய இரண்டு நாள் மீனையும் பூசணியையும் மாவில் தோய்த்துப் பொரிக்கிறாள். வருகிறவர் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். ஊரே இந்த விடுமுறைக்கு ஜேஜு தீவுக்குப் போகிறது.

அவள் பேச்சில் நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது.

இருந்தாலும் வந்த தூரம் கொஞ்சமா?

அவர் இப்போது இருப்பது தேஜோனுக்கு அப்பால் ஒரு மலைச் சரிவில். நல்ல காற்று, சத்தம் போடாத அக்கம்பக்கம். அங்கிருந்து இந்த தோங்யோங் கடற்கரைக்கு, புத்தாண்டு நெரிசலில் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்த கார்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருந்தார். கார்களைவிட மூன்று மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஒரு கடையில் சுடச்சுட வால்நட் அப்பம் வார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசையாக வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது, கடைக்காரி அவருக்குப் பின்னால் நின்றவரிடம் எத்தனை வேண்டும் என்று கேட்டாள். கூட்டம் அப்படி.

உள்ளே அண்ணன், தம்பியின் மனைவி மால்-சுக்கைக் கேள்வி கேட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, அவன் வர்றதே வருஷத்துக்கு மூணு தடவ. அதுவும் வேணாம்னு முடிவு பண்ணிட்டியா?"

மால்-சுக் கையைத் துடைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் பையில் இருந்து கசங்கிய மருந்து உறை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

உறையின் பின்பக்கத்தில், கோழி கிளறியது போன்ற தால்-சுவின் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் வெறும் கஞ்சியாகக் குடித்துக்கொண்டிருந்தபோது எழுதியது. 'வீட்டுக்குப் போனதும் சாப்பிட வேண்டியவை' என்று தலைப்பு, கீழே ஒரு பட்டியல். கிளம்புகிற அவசரத்தில் அதைக் கோட்டுப் பையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மால்-சுக் போன வாரம்தான் வெளியே எடுத்தாள்.

"ஏழு வருஷமா நாம அவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான் போட்டிருக்கோம், அத்தான்."

அண்ணன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முதல் வரியில் இருந்து படித்தார். படிக்கப் படிக்க மறுப்பாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நின்றுவிட்டார்.

'டின் பீச் பழம், ஒன்று. அண்ணனோடு பாதிப் பாதி.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி ஒன்றும் இல்லை.

மிளகாய்க்குத் துணிந்த மால்-சுக், பீச் டின்னை வாங்கியும் திறக்கப் பயந்து அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். அண்ணன் அடுக்களைக்குப் போய் நேராக அதைத்தான் எடுத்தார். ஒளிக்கிற இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தானே திறந்து, இரண்டு கிண்ணங்களில் சரிபாதியாகப் பிரித்தார். ஒரு துண்டு மிஞ்சியது. அதைத் தம்பியின் கிண்ணத்தில் போட்டார்.

அப்போதுதான் தால்-சு வாசற்படியைத் தாண்டினார்.

அவருக்கென்று போட்ட இடத்தில் உட்கார்ந்தார். சாப்பிடுகிறவரை முறைத்துப் பார்க்கக் கூடாது என்று எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள்.

முதல் துண்டு ஆக்டோபஸிலேயே காது இரண்டும் அடைத்துக்கொண்டன. இரண்டாவதில் மூக்கு ஒழுகியது. மூன்றாவதில் கண்ணீர் கொட்ட ஆரம்பித்தது, பீச் பழத்துக்கு வந்த பிறகும் நிற்கவில்லை.

மிளகாய்தான் காரணம். வேறு ஏதோ இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாப்பாடு முடிந்தது என்பதற்கு அடையாளமாக அண்ணன் மூன்று முறை இருமினார். எல்லோரும் திரும்பினார்கள்.

தால்-சு புறப்படும் நேரம். மால்-சுக்கும் யோன்-ஹீயும் அவர் முன்னால் வந்து நின்று, மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி வணங்கினார்கள். எழுந்தார்கள். மறுபடியும் வணங்கினார்கள். இந்தத் தடவை யோன்-ஹீ எழக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு அண்ணனை நடுவில் உட்காரவைத்து அவரையும் புத்தாண்டுக்கு வணங்கினார்கள்.

ஒரே ஒரு முறை. உயிரோடு இருப்பவர்களுக்கு அவ்வளவுதான்.