மண்ணீரலுக்கு ஒரு முகம்

பித்தப்பை எங்கே இருக்கிறது என்று தேர்வாளர் கேட்டார்.

“மாமியாருக்குக் கீழ மேடம்.”

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நர்சிங் வகுப்பிலேயே வயதில் மூத்தவள் என்பதால் அவள் எல்லாருக்கும் அக்கா. இந்த வாய்மொழித் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இந்த முறையும் போனால் படிப்பு அதோடு சரி. பழையபடி ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போக வேண்டியதுதான்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மாமியார் எப்படி அங்கே வந்தார் என்று விசாரித்தார்.

மறைத்துப் பிரயோஜனமில்லை. அக்கா உள்ளதைச் சொன்னாள். வரிவரியாகப் படித்தால் அவளுக்குத் தூக்கம்தான் வரும், எதுவும் மண்டையில் ஏறாது. படமாகப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வோர் உறுப்புக்கும் வீட்டில் ஒருவரின் முகத்தை வரைந்து, அம்புக்குறி போட்டுப் படிக்கிறாள்.

கல்லீரல் மாமியார். அவருக்கு இதயமாக வேண்டும் என்றுதான் ஆசை. உடம்பில் ஆயிரம் வேலைகளை ஒற்றை ஆளாகப் பார்ப்பது கல்லீரல்தான் என்றதும் சமாதானமாகி, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பித்தப்பை நாத்தனார். மாமியார் சுரக்கும் கசப்பை வாங்கிச் சேர்த்துவைத்து, ஆள் சாப்பிட்ட நேரம் பார்த்துக் கொட்டுவார். அதற்குப் பச்சைப் பென்சில். இரைப்பை மாமனார், அரைத்த மாவையே அரைப்பவர். சிறுநீரகங்கள் இரண்டும் கொழுந்தன்மார். ஒருவர் படுத்துவிட்டாலும் மற்றவர் குடும்பத்தை ஓட்டிவிடுவார்.

தேர்வாளரின் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மேற்கொண்டு கேட்டார். அக்கா மளமளவென்று பதில் சொன்னாள்.

“சரி, மண்ணீரல்?”

அக்காவின் பார்வை சுவரிலிருந்த கரும்பலகைக்குப் போனது.

இரண்டு முறையும் அவள் கவிழ்ந்தது இதே இடத்தில்தான். மண்ணீரலை எடுத்துவிட்டாலும் மனிதர் உயிர் வாழலாம் என்று புத்தகத்தில் இருந்ததை அவள் உரக்கப் படித்தபோது, அதற்கு யார் முகம் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. எல்லாரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். முதலில் சொன்னவர் மாமியார். சொன்ன கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அக்காவுக்குத்தான் மனசு வரவில்லை. அந்த உறுப்பை மட்டும் மொட்டையாக விட்டுவிட்டாள். முகம் இல்லாததால் பாடமும் நிற்கவில்லை.

பலகையில் வரைந்துகொண்டே சொன்னாலும் சரி என்று தேர்வாளர் சாக்பீஸை நீட்டினார்.

இடப்பக்க விலா எலும்புக்கு அடியில் கைப்பிடி அளவில் ஒன்றை வரைந்தாள். கை நின்றது. அறைக்கு வெளியே மற்ற பெண்கள் மனப்பாடம் செய்யும் முணுமுணுப்பு கேட்டது. இன்னொரு தடவை தோற்றுப்போய் வீட்டு வாசலில் நிற்க அவளால் ஆகாது.

வரைந்தாள். அடர்ந்த புருவம். கன்னத்தில் ஒரு மரு. மன்னிப்புக் கேட்கப் போவது போலவே இருந்து, கடைசிவரை கேட்காத வாய். ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய் மூன்று வருடமாகியும் அந்த முகத்தில் ஒரு கோடுகூடத் தப்பவில்லை. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

பதில் தானாக வந்தது. எப்போதும் மாமனாருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பழைய ரத்த அணுக்களைப் பிரித்தெடுக்கும். கிருமி வந்தால் சண்டைக்குப் போகும். எடுத்துவிட்டால் காய்ச்சல் வரும்போது கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். மற்றபடி, அது செய்துகொண்டிருந்த வேலையை மாமியார் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்துவிடுவார்.

தேர்வாளர் மதிப்பெண்ணை எழுதினார். தேறிவிட்டதாகச் சொல்லி, அடுத்தவருக்காகப் பலகையைத் துடைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்.

அக்கா துடைத்தாள். புருவம் சீக்கிரம் போய்விட்டது. வாய்தான் கொஞ்சம் அடம்பிடித்தது. அழுத்தித் துடைத்தாள்.

“வீட்ல அத்தனை பேரையும் சொன்னீங்க. உங்க வீட்டுக்காரரை மட்டும் விட்டுட்டீங்களே?”

அக்கா கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள்.

“இப்பதான் துடைச்சேன் மேடம்.”