குப்புறப் படுத்தவர்

முதுகில் தங்கிவிட்ட குண்டுச் சிதறலை எடுப்பதற்காக இராணுவ அதிகாரியைக் குப்புறத் திருப்பியதுமே அவருடைய இரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது.

மயக்க மருந்து டாக்டர் பஞ்சவர்ணம் மறுபடி அளந்து பார்த்தாள். இன்னும் கீழே போயிருந்தது.

அவருக்குக் காற்று செலுத்தும் ரப்பர் பையை அழுத்தினாள். கல்லாக இருந்தது. காற்று உள்ளே போக மறுத்தது.

கதவோரம் நின்ற காவலன் பக்கத்தில் வந்துவிட்டான். கடைசியாக என்ன ஊசி போட்டாய் என்று கேட்டான். சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்து இரண்டு வருடமாகியும், பழைய ஆட்சியில் படித்தவர்கள் கை வைத்த எதையும் அவன் நம்புவதில்லை.

காலி மருந்துக் குப்பியைக் காட்டினாள். அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மருந்தில் கோளாறு இல்லை. கனத்த உடம்பு, வயிறு மேசையில் நசுங்கிக் கிடந்தது. கால்களிலிருந்து இரத்தம் இதயத்துக்குத் திரும்ப வழியில்லை. நெஞ்சு விரிய இடமில்லை.

கத்தியோடு நின்ற சர்ஜனைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவசரத்தில் தமிழில் கூப்பிட்டாள்.

“கந்தண்ணே, வயிறு மேசையில படக்கூடாது. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழ துணியைச் சுருட்டி வைங்க.”

ஆஸ்பத்திரி உதவியாளர் கந்தன் போர்வைகளைச் சுருட்டினார்.

காவலனுக்குப் புரியாத மொழி. அவன் கை துப்பாக்கி உறைக்குப் போனது. வியட்நாமியில் பேசு என்று அதட்டினான்.

அவள் அதிகாரியின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். எல்லோருமாக அந்த உடம்பைத் தூக்கினார்கள். சுருள்கள் உள்ளே போயின. வயிறு மேசையைத் தொடாமல் தொங்கியது.

பை மெல்ல இளகியது. மணிக்கட்டில் நாடி திரும்பத் தட்டுப்பட்டது.

அறுவை முடிந்து அதிகாரியை மல்லாத்திய பிறகுதான் காவலன் தணிந்தான். இவள் வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும், இவள்தான் வேண்டும் என்று அதிகாரியே பிடிவாதம் பிடித்தாராம். உன்மேல் அப்படி என்ன நம்பிக்கை என்று கேட்டான்.

தெரியாது என்றாள்.

அவன் வெளியே போனதும் கந்தன் அதையே கேட்டார்.

“நம்பிக்கையெல்லாம் இல்லண்ணே. எங்க வீட்டுக்காரரைப் புடிச்சிட்டுப் போனதே இவருதான். எந்தச் சிறை முகாம்ல இருக்காருன்னு, கண் முழிச்சதும் சொல்றேன்னாரு.”

கந்தன் படுத்திருந்தவரைப் பார்த்தார். சொல்லுவாரா என்று கேட்கவில்லை.

அதிகாரியின் இமைகள் அசைந்தன.

பஞ்சவர்ணம் குனிந்து, அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.